யூதாஸ் கையில் மைக், சூப்பர்மேன் பனியனில் இயேசு

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் நெருங்கினால் பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு சண்டை உறுதி: இந்த வருஷம் என்ன நாடகம்? இம்முறை இழுபறி ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டா’ருக்கும் ‘காட்ஸ்பெல்’லுக்கும். இரண்டும் 1971இல் நியூயார்க்கில் மேடையேறிய இசை நாடகங்கள். மே மாதம் காட்ஸ்பெல், அக்டோபரில் சூப்பர்ஸ்டார். இரண்டிலும் இயேசு உண்டு, யூதாஸ் உண்டு, சிலுவை உண்டு. அதற்கு மேல் ஒற்றுமை தேடினால் கிடைக்காது.

சூப்பர்ஸ்டாரில் முதலில் பாட வருகிறவன், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். நம் ஸ்கிட்டுகளில் யூதாஸ் என்றால் ஒரு பணப்பை, ஒரு கோணல் பார்வை, அவ்வளவுதான். டிம் ரைஸ் எழுதிய யூதாஸோ கவலையில் இருக்கிறான். கூட்டம் இந்த மனிதரைக் கடவுளாக்கிக்கொண்டே போகிறது, ரோமர்களுக்குக் கோபம் வந்தால் நம் எல்லோரையும் நசுக்கிவிடுவார்களே என்ற பயம் அவனுக்கு. அடிமைப்பட்ட ஊரில் இருக்கிற எவனுக்கும் வரக்கூடிய பயம். அவன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது என்று தோன்றும்போதே நமக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தும். நாடகத்தின் வெற்றியே அந்த உறுத்தல்தான்.

இதில் பேச்சு வசனம் கிடையாது, முழுக்கப் பாட்டு. மேடையேற்ற ஆள் கிடைக்காமல் 1970இல் முதலில் இசைத்தட்டாகத்தான் வெளியிட்டார்கள். ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் இசையை எங்கள் பாடகர் குழுவில் மிருதங்கம் வாசிக்கும் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். இயேசுவின் சூடான நெற்றிக்கு மகதலேனா மரியாள் தைலம் தடவும் பாட்டு வந்தது. ரெண்டு நிமிஷம் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, “டேய், இது கண்டம்டா” என்றார். ஐந்தெண்ணிக்கை. ஆலயத்தில் வியாபாரிகள் கூச்சல் போடும் இடம் வந்ததும், “இது ஏழு, மிஸ்ரம்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ராக் இசை என்று ஒதுக்கி வைத்திருந்தவர், அன்றே கட்சி மாறிவிட்டார்.

இது அவிசுவாச நாடகம் என்று எங்கள் சபைப் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். நியூயார்க்கில் மேடையேறியபோதே அரங்க வாசலில் கிறிஸ்தவர்களும் எதிர்த்தார்கள், யூதர்களும் எதிர்த்தார்கள். ஆனால் கெத்செமனே பாட்டைக் கேட்டுப் பாருங்கள். நான் ஏன் சாக வேண்டும் என்று இயேசு பிதாவிடம் கத்திக் கேட்கிறார். “இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்” என்று நம் வேதாகமத்தில் ஒரே வசனமாகக் கடந்துபோகிற இடம்தானே அது? வசனத்தைப் பெரிய வியாழன் ஆராதனையில் அமைதியாக வாசிக்கிறோம், இங்கே தொண்டை கிழியப் பாடுகிறார்கள். சந்தேகத்தை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து திணிக்கவில்லை.

குறையும் இருக்கிறது. கடைசி ஏழு நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டதால் இந்த இயேசு களைத்துப்போயிருக்கிறார், எரிந்து விழுகிறார், போதனை என்று பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சுவிசேஷம் தெரியாத ஒருவர் பார்த்தால், இந்த மனிதர் பின்னால் இத்தனை பேர் ஏன் போனார்கள் என்றே புரியாது.

காட்ஸ்பெல் நேர்மாறு. போதனையைத் தவிர அதில் அதிகம் எதுவும் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் ஜான்-மைக்கேல் டெபெலாக் முதுகலைப் படிப்புக்காக உருவாக்கியது, பெரும்பாலும் மத்தேயு சுவிசேஷத்திலிருந்து. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இசையமைத்தார். மொத்தம் பத்து நடிகர்கள். இயேசுவுக்குக் கோமாளி ஒப்பனை, மார்பில் சூப்பர்மேனின் ‘எஸ்’. உவமைகளை விளையாட்டாகவே நடித்துக் காட்டுவார்கள், ஊருக்கு ஏற்ற நகைச்சுவையும் சேரும். எங்கள் பசங்க அதற்குள் நல்ல சமாரியனை எங்கள் ஊர் சில்க் போர்டு ஜங்ஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லேவியன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஃபோனைப் பார்த்தபடி கடந்து போகிறான்.

யோவான் ஸ்நானகனாகவும் யூதாஸாகவும் வருவது ஒரே நடிகர். வழி காட்டியவனே காட்டிக்கொடுக்கிறான். அதில் உள்ள ஆழத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நாடகம் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை, வந்த பத்தாவது நிமிஷத்திலேயே எல்லோரும் சீடர்கள். அதன் பெயர்பெற்ற பாட்டு 13ஆம் நூற்றாண்டு பிஷப் ஒருவரின் ஜெபத்திலிருந்து வந்தது. பல பாடல்களின் வரிகள் பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்திலிருந்தே எடுத்தவை. அதனால்தான் பெரியவர்களுக்கு அது பத்திரமாகத் தெரிகிறது. எனக்கு அந்தப் பத்திரம்தான் இடிக்கிறது.

அப்புறம், எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் மூன்றாவது ஒன்றை எடுத்துப் போட்டார்: “நம்ம சாஸ்திரியார் இருக்கும்போது அமெரிக்காக்காரன் எதுக்கு?” தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி. பெத்லகேம் நாதர் தலைவர், சீயோன் மகள் தலைவி, குறி சொல்ல வரும் குறத்திதான் விசுவாசம். சுமார் 200 வருஷத்துக்கு முன்னால், விசுவாசத்துக்குக் குறத்தி வேஷம் கட்டியிருக்கிறார்! இதற்கு முன்னால் சூப்பர்மேன் பனியன் எல்லாம் எம்மாத்திரம்? உரிமம் வாங்கவும் தேவையில்லை. ஆனால் கீர்த்தனையையே ஆங்கில எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தால்தான் பாடுகிற பிள்ளைகள் எங்களுடையவர்கள். குறவஞ்சியின் தமிழுக்கு அவர்களைத் தயார் செய்ய ஒரு லெந்து போதாது, ஒன்பது லெந்து வேண்டும்.

வாக்கெடுப்பில் காட்ஸ்பெல் ஜெயித்தது. கெத்செமனே பாட்டின் உச்சஸ்தாயியை எட்ட எங்களிடம் ஆள் இல்லை என்பது உண்மையான காரணம், சபை ஒற்றுமை என்பது அறிக்கையில் எழுதிய காரணம். நான் எதிர்த்துத்தான் கை தூக்கினேன்.

போன மாதம் காக்ஸ் டவுன் அத்தையுடன் உட்கார்ந்து 1973இல் வந்த சூப்பர்ஸ்டார் படத்தைப் பார்த்தேன். அத்தை நாற்பது வருஷம் ஞாயிறுப் பள்ளி டீச்சர். முப்பத்தொன்பது சவுக்கடியை எண்ணும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். நடிகர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவதில் தொடங்கும் படம், முடிவில் எல்லோரும் அதே பஸ்ஸில் ஏறுகிறார்கள். இயேசுவாக நடித்தவர் மட்டும் ஏறுவதைக் காட்டவே மாட்டார்கள். பிக்னிக் பஸ்ஸில் பிள்ளைகளின் தலையை எண்ணிப் பழகிய அத்தைக்கு அது உடனே பட்டுவிட்டது.

“டேய், ஒரு ஆள் குறையுதே” என்றார். “திருப்பிப் போடு.” திரையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலை நீட்டி மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.