1,35,000 ரூபாய் கட்டி என் மகனைக் கொண்டு விட்ட இடம்: பிள்ளைகளைச் சேர்க்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று ராத்திரி, என் மகனைச் சேர்த்திருந்த மறுவாழ்வு மையத்திலிருந்து கடைசியாக ஒரு மெசேஜ் வந்தது. "நன்கொடை திருப்பித் தரப்படாது. இனி இந்த எண்ணில் தொடர்பு கொள்ள வேண்டாம்." நான் பதில் அடித்து முடிக்கும் முன்பே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 1,35,000 ரூபாய். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை எங்காவது தங்கவைத்து சிகிச்சை கொடுக்க நினைக்கிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகப் போகிறோம், அதுவரை வாயைத் திறக்காதே என்று குழித்துறையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தப்பா சொல்லியிருக்கிறார். நம்ம கன்னியாகுமரி மாவட்டம்தான். மலையோரம், ரப்பர் விளைக்குள்ளே இரண்டு மாடிக் கட்டிடம், வாசலில் "இளைஞர் மறுவாழ்வு மையம்" என்று போர்டு. இதே மாதிரி போர்டு வைத்தது பல இருக்கும். கமெண்டில் வந்து "இதுவா அதுவா" என்று கேட்காதீர்கள்.

நாங்கள் மார்த்தாண்டம் பக்கம். வீட்டுக்காரர் சவுதியில் டிரைவர். நான் வீட்டிலேயே தையல். பையனுக்கு 16 வயசு, பிளஸ் ஒன். ராத்திரி முழுக்க போன், பகல் முழுக்க உறக்கம். ஸ்கூலுக்குப் போவது நின்றது. பையைத் துழாவினால் உதட்டுக்கு அடியில் வைக்கிற புகையிலைப் பொட்டலம். கேட்டால் சத்தம். ஒரு நாள் என் மெஷினையே மறித்துப் போட்டான். அவன் பாட்டா "ரெண்டு போடு போட்டா சரியாவான்" என்றார். வீட்டுக்காரர் வீடியோ காலில் அழுதார். நான் என்ன செய்ய?

டியூஷன் மாஸ்டர் ஒருத்தர்தான் அந்த மையத்தின் நம்பரைத் தந்தார். (அவருக்கு இதில் கமிஷன் உண்டு என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு நிச்சயம் இல்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.)

முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். அங்கேதான் விழுந்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் எழுந்து நின்று, "அக்கா, முதல்ல இருங்க, காப்பி குடியுங்க" என்றார். ஒன்றரை மாசமாக என்னிடம் யாரும் இரு என்று சொன்னதில்லை. எல்லாரும் நீ வளர்த்த லட்சணம் என்றுதான் சொன்னார்கள். இவர் முழுசும் கேட்டார். நான் அழுதேன். "பையனை எங்க கையில விட்டாச்சுல்லா, இனி நீங்க பேடிக்காண்டாம்" என்றார். நான் இன்னும் விடவேயில்லை, விட்டாச்சு என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அது அப்போது உறைக்கவில்லை. ஆறுதலாகத்தான் இருந்தது.

சுற்றிக் காட்டினார்கள். கீழே ஆபீஸ், ஒரு யோகா ரூம், நடுவில் கேரம் போர்டு. காய்களெல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தது. ஸ்டிரைக்கர் இல்லை. பார்த்தேன். கேட்கவில்லை. மாடிக்குப் போகட்டுமா என்றதற்கு, "பசங்க தியானத்துல இருக்காங்க, டிஸ்டர்ப் ஆயிரும்" என்றார்கள். சரி என்று இறங்கி வந்துவிட்டேன்.

மூன்று மாசத்துக்கு மாசம் 30,000 வீதம் 90,000. அட்வான்ஸ் 25,000. மருந்து, டெஸ்ட் என்று 20,000. மொத்தம் 1,35,000. முழுசும் முன்பணம். செயினைப் பணயம் வைத்து ஒரு லட்சம், மீதி சீட்டு எடுத்தது. ஜிபே செய்யச் சொன்ன நம்பரில் மையத்தின் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. "அக்கவுண்டன்ட்" என்றார்கள். ரசீது கேட்டேன், எழுதித் தந்தார்கள். அதில் "நன்கொடை" என்று இருந்தது. வரிக்காக அப்படித்தான் எழுதுவோம் என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

நான்கு பக்கம் இங்கிலீஷில் ஒரு பேப்பர், ஐந்து இடத்தில் கையெழுத்து. ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. சவம், ஒரு பிளவுசுக்கு அளவு எடுக்கும்போது மூன்று தடவை டேப்பைப் பிடித்துப் பார்க்கிறவள் நான்.

அவனிடம் பொய் சொல்லிக் கூட்டிப் போகச் சொன்னதும் அவர்கள்தான். "பர்சனாலிட்டி கேம்ப், பத்து நாள்னு சொல்லுங்க." சொன்னேன். போன மாசம் 4-ஆம் தேதி என் தம்பி காரில் போனோம். நான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை போட்டிருந்தான். வழியில் ரெண்டாவது பட்டன் அறுந்து விழுந்தது. என் தாலிக்கொடியில் கிடந்த ஊக்கை எடுத்துக் குத்திவிட்டேன். "கேம்ப்ல எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்றான்.

முதல் பதினைந்து நாள் போனும் இல்லை, பார்க்கவும் முடியாது, அப்போதுதான் மனசு நிலைப்படும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டோ வந்தது. மூன்றாம் நாள் கேரம் விளையாடுகிற மாதிரி ஒன்று. எட்டாம் நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஒன்று. பதினான்காம் நாள் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி ஒன்று. வீட்டுக்காரருக்கு அனுப்பினேன், "பய முகம் தெளிஞ்சிருக்கு" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

பதினெட்டாம் நாள் ராத்திரி ஒரு பிளவுசுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஏதோ தட்டியது. போனை எடுத்துப் பெரிசாக்கிப் பார்த்தேன். மூன்று போட்டோவிலும் அதே நீலச் சட்டை. மூன்றிலும் ரெண்டாவது பட்டன் இடத்தில் ஊக்கு. மூன்றும் ஒரே நாளில் எடுத்தது. நாங்கள் காரைத் திருப்பிய அன்றைக்கே.

மறுநாள் காலையில் பழம்பொரி கட்டிக்கொண்டு போய் நின்றேன். கேட் திறக்கவில்லை. "டாக்டர் ரவுண்ட்ஸ்." மத்தியானம் போன் செய்தால், "பையன் இப்பதான் செட் ஆகியிருக்கான், நீங்க வந்தா மறுபடி முதல்ல இருந்து தொடங்கணும்." சாயங்காலம், "சார் திருவனந்தபுரம் போயிருக்கார்." மூன்று நாள் இப்படி. 27-ஆம் தேதி தம்பியும் எங்கள் வார்டு கவுன்சிலரும் கூட வந்து சத்தம் போட்ட பிறகுதான் கூட்டி வந்து நிறுத்தினார்கள்.

மொட்டை அடித்திருந்தார்கள். விரலிடுக்கு முழுக்கச் சொறி. என்னைப் பார்த்து அழவும் இல்லை, பேசவும் இல்லை. காரில் ஏறி, தக்கலை தாண்டும்வரை கையை மடியில் வைத்தபடி இருந்தான். அப்புறம் கேட்டான், "பத்து நாள் முடிஞ்சுதா?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான், இன்னும் முழுசும் சொல்லவில்லை. மாடியில் ஒரே ஹால், நாற்பது பேர். பாதிப்பேர் குடியை நிறுத்த வந்த பெரிய ஆட்கள். இவன் வயசில் மூன்று பேர். காலையில் பாத்திரம் கழுவுவது இவர்கள் வேலை. பாத்ரூம் போவதற்கு நேரம் உண்டு, நடுவில் போக வேண்டும் என்றால் கை தூக்கி நின்று கேட்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை, பெயர் தெரியாது. ஹாலை வெளியிலிருந்து பூட்டுவார்கள். இருபத்து மூன்று நாளில் எந்த டாக்டரும் அவனைப் பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்காரர் டாக்டரே இல்லையாம், முன்பு அங்கே சிகிச்சைக்கு வந்து தங்கியவராம். கேரம் போர்டு ஆள் வரும்போது மட்டும் வெளியே வரும்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து கொடுத்தார்கள், சீட்டு இருக்கிறதா என்று. மையத்துக்குப் போன் செய்து கேட்டேன். "அதெல்லாம் இன்டர்னல் ரெக்கார்டு" என்று வைத்துவிட்டார்கள். சிகிச்சை எடுத்தவரின் மருத்துவக் குறிப்பைக் கேட்டால் தர வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

பூட்டியதைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வந்தது. 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் செத்தார்கள். "அதுக்கப்புறமும் வெளிய பூட்டுறானுவ பாரு" என்றார். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 என்று ஒன்று இருக்கிறது. போதை, குடி சிகிச்சை மையமும் அதற்குள்தான் வரும். அவர்தான் 87-ஆவது பிரிவை எடுத்து வாசித்துக் காட்டினார். 18 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்றால், அன்றைக்கோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். வெளியே வைத்தே சிகிச்சை கொடுக்க முடியாது என்றால்தான் சேர்க்கவே வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்க வைக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பெற்றவர்களோ அவர்கள் வைக்கிற ஆளோ பிள்ளை கூடவே, இருக்கிற நாள் முழுக்கத் தங்க வேண்டும்.

வாசித்தீர்களா? கூடவே தங்க வேண்டும். என்னைப் பதினைந்து நாள் பார்க்கக்கூடாது என்றார்களே, அதுதான் சட்டத்துக்கு நேர் எதிர். கட்டாய மொட்டையும் கூடாது என்று 20-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

போர்டில் "பதிவு எண்" என்று போட்டிருந்தார்களே என்றேன். சித்தப்பா சிரித்தார். அது டிரஸ்ட் பதிவு செய்த நம்பர். மாநில மனநல ஆணையத்தில் வாங்கியிருக்க வேண்டிய பதிவு வேறு. அது இல்லாமல் நடத்தி முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 5,000 முதல் 50,000 வரை. என்னிடம் வாங்கியது 1,35,000. என் ஒருத்தி பணத்திலேயே அபராதத்தைக் கட்டிவிட்டு மீதியில் போர்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

பணத்தைக் கேட்டதற்கு வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், "ஆடிட்டர் கணக்கு பார்க்கணும், திங்கள்கிழமை கூப்பிடுங்க." திங்கள்கிழமை, "நீங்களா பாதியில கூட்டிட்டுப் போனீங்க, கோர்ஸ் முடியலையே." அப்புறம், "கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்லா, அஞ்சாவது பாராவை வாசிச்சுப் பாருங்க." அப்புறம் மையத்தில் கவுன்சலிங் கொடுக்கிற பெண் ரொம்ப அன்பாக, "அக்கா, வெளியில தெரிஞ்சா பையன் பேருதான் கெடும், அவன் பிளஸ் டூ எழுதணும்." இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியும். ஸ்டேஷனுக்குப் போனோம், "இஷ்டப்பட்டுத்தானே சேர்த்தீங்க, பேசித் தீருங்க" என்றார்கள். கடைசியில்தான் அந்த நன்கொடை. ரசீதில் அன்றைக்கே அந்த வார்த்தையை ஏன் எழுதினார்கள் என்று இப்போது விளங்குகிறது.

லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு நான் வாங்குகிற கூலி 350 ரூபாய். 385 பிளவுஸ் தைத்தாலும் 1,35,000-க்கு இன்னும் 250 ரூபாய் குறையும். செயின் பேங்கில் கிடக்கிறது, வட்டி ஓடுகிறது.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன், மணி ஒன்றாகப் போகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

சேர்ப்பதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். என் மகனுக்குத் தங்கி எடுக்கிற சிகிச்சையே தேவையில்லை, வாரம் ஒரு தடவை வந்தால் போதும் என்று அங்கே சொன்னார்கள். மனநல ஆணையப் பதிவை டிரஸ்ட் நம்பரோடு குழப்பாமல் காகிதத்தில் கேளுங்கள். மாடியைப் பார்க்க விடவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். பார்க்கக்கூடாது, பேசக்கூடாது என்றாலும் திரும்பிவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், தனி ஆள் நம்பருக்கு அனுப்பாதீர்கள், ரசீதில் நன்கொடை என்று எழுத விடாதீர்கள். பிள்ளை உள்ளே மாட்டியிருந்தால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை. பணத்துக்கு நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாங்கள் இந்த வாரம் கொடுக்கிறோம். ஊக்கு தெரிகிற மூன்று போட்டோவையும் பிரின்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னும் நிறைய இருக்கிறது. எழும்பிட்டான், கதவுப் பக்கம் வந்து நிற்கிறான். ராத்திரி பாத்ரூம் போக இப்போதும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறான். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.