ஏ.ஆர்.டி. மையமும் இரவு ஒன்பது மணி மாத்திரையும்: ஒரு பயனாளியின் மதிப்புரை

காரைக்குடியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய அரசு மருத்துவமனை ஒன்றின் ஏ.ஆர்.டி. மையத்தில், 2017ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். மையம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை எழுதப் போவதில்லை. செட்டிநாட்டில் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், எந்தக் கோயில், எந்த வீடு என்று நான்கு கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். நான் ஒரு கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் பாதி நாள் வெளியூர் மண்டபங்களில்தான் உறக்கம். மையத்தின் சேவை எப்படி என்பதோடு, அங்கே தரும் மாத்திரையைப் பத்திரமாகச் சாப்பிடுவதற்கு அது எனக்கு எவ்வளவு கற்றுக்கொடுத்தது, எந்த இடத்தில் கோட்டை விட்டது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் இந்த மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி. தமிழ்நாட்டில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் சில மையங்களுள் ஒன்று. அந்தக் காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கான சி.டி.4 அணுக்கள் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து கிடைக்கும். 2017இல் அந்த விதி போய், தொற்று உறுதியான எல்லாருக்கும் உடனே மருந்து என்று மாறியது. அந்த மாற்றத்தால் உடம்பு இளைக்கும் முன்பே மருந்தைத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். நம்பிக்கை மையத்தில் பரிசோதனை முடிவைத் தந்தவர்களே கையோடு இங்கே அனுப்பிவைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் முதல் டப்பா கைக்கு வந்துவிட்டது.

மையத்துக்குள் நடப்பது ஒரு தேர்ந்த கடையின் ஒழுங்கில் நடக்கிறது. எடை பார்ப்பார்கள், இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் வியர்வை உண்டா என்று காசநோய்க்கான நான்கு கேள்விகளைக் கேட்பார்கள், பிறகு ஆலோசகர், மருத்துவர், கடைசியாக மருந்து ஜன்னல். அந்த ஜன்னலில் நடக்கும் ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. மருந்தாளுநர் நாம் கொண்டுபோன பழைய டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்து, மிச்சமிருக்கும் மாத்திரைகளை ஐந்தைந்தாக ஓரத்துக்குத் தள்ளி எண்ணுவார். முப்பது மாத்திரை கொண்ட டப்பாவோடு இருபத்தெட்டாம் நாள் போனால் இரண்டு மிஞ்ச வேண்டும். ஐந்து மிஞ்சினால் மூன்று நாள் எங்கே போனது என்று கேள்வி வரும். எங்கள் தொழிலில் முந்திரிப் பருப்பைக்கூட இவ்வளவு கறாராக யாரும் எண்ணுவதில்லை. கணக்குப் பிள்ளையான எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளையாவது தவறாமல் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. மாதத்தில் ஒரு வேளைக்கு மேல் தவறினாலே அதற்குக் கீழே போய்விடும். மருந்தின் அளவு இரத்தத்தில் குறையும்போது வைரஸ் மறுபடி பெருகத் தொடங்குகிறது, பெருகும்போது உருமாறுகிறது, உருமாறியவற்றுள் மருந்துக்கு அடங்காதது தப்பித்துத் தழைக்கிறது. அப்படி ஆனால் இரண்டாம் வரிசை மருந்துக்குப் போக வேண்டும்.

இப்போது மாத்திரையைப் பற்றி. முதல் மூன்றரை ஆண்டுகள் டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் என்ற மூன்றும் சேர்ந்த மாத்திரை. எஃபாவிரென்ஸ் தலைசுற்றலும் நிஜம் போன்ற கனவுகளும் தரக்கூடியது. எண்ணெய்ப் பதார்த்தத்தின் மேல் சாப்பிட்டால் அது உடம்பில் கூடுதலாக ஏறும் என்பதால், படுக்கப் போகும்போது, கொழுப்பான சாப்பாடு இல்லாமல் சாப்பிடச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் இரவுப் பந்தி முடிந்து பணியாரமும் கந்தரப்பமும் மிஞ்சிக் கிடக்கும் சமயத்தில் இந்த அறிவுரையைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஆலோசகருக்கு நான் சொல்லவில்லை. கனவில் பல இரவு, சாம்பார் அண்டா கவிழ்ந்திருக்கிறது. 2021இல் எஃபாவிரென்ஸுக்குப் பதில் டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் வந்தது. மற்ற இரண்டும் தலா 300 மில்லிகிராம், பழையபடியே. புதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னும் சாப்பிடலாம், பின்னும் சாப்பிடலாம். கனவுகள் நின்றன. சிலருக்குத் தூக்கம் கெடும், அவர்கள் காலையில் சாப்பிடலாம் என்றார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை, எடை மட்டும் நான்கு கிலோ ஏறியது. அதற்கு மாத்திரையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு போய்விட்டது என்ற மகிழ்ச்சியில்தான் நான் சறுக்கினேன். கல்யாணச் சாப்பாடு தொடர்ந்து சாப்பிடுகிறவனுக்கு நெஞ்செரிச்சல் கூடவே வரும். இளஞ்சிவப்பு நிறத்தில் புதினா மணத்தோடு இருக்கும் ஆன்டாசிட் பாட்டில் ஒன்று எப்போதும் என் பையில் கிடந்தது. ஒன்பது மணிக்கு மாத்திரை, அதன் மேலேயே இரண்டு மூடி ஆன்டாசிட். ஒரு முகூர்த்த சீசன் முழுவதும் இப்படிப் போனது. அந்த ஆண்டு எடுத்த வைரஸ் அளவுப் பரிசோதனையில், எப்போதும் கண்டறிய முடியாத அளவு என்று வரும் இடத்தில் சில நூறு என்று ஓர் எண் இருந்தது. ஆயிரத்துக்குக் கீழே இருந்ததால் மருந்தை மாற்றவில்லை. ஆனால் டப்பாவை எண்ணிப் பார்த்தால் ஒரு மாத்திரை பிசகவில்லை.

அப்போது புதிதாக வந்திருந்த ஆலோசகர் ஒரு பெண். என் சிகிச்சைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அண்ணே, மாத்திரையை ஒழுங்கா போடுறீங்க, அது டப்பாவைப் பார்த்தாலே தெரியுது. அதுகூட வேற என்னென்ன வாய்க்குள்ள போகுது, அதைச் சொல்லுங்க" என்றார். பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவர் அதன் பின்பக்க எழுத்தை வாசித்து, அலுமினியம், மெக்னீசியம் என்ற இரண்டு சொற்களின் கீழே நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். இந்த உலோக உப்புகள் டோலுடெகிராவிரை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்தில் சேர விடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஆன்டாசிட் குடிக்கலாம். ஆன்டாசிட்டை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மருத்துவர் அதை நிறுத்திவிட்டு, இந்தத் தகராறு இல்லாத பான்டோபிரசோலை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண் மறைந்துவிட்டது. ஆன்டாசிட்தான் முழுக் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். நான் அந்தப் பாட்டிலை மறுபடி வாங்கவில்லை.

என் ஆதங்கம் இதுதான்: மருந்து மாற்றிய அன்றே இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்க வேண்டும். "தவறாமல் சாப்பிடுகிறீர்களா" என்பதை அத்தனை முறை கேட்டவர்கள், "கூட என்ன சாப்பிடுகிறீர்கள்" என்பதை நான்கு ஆண்டு கேட்கவில்லை. நம் பக்கத்தில் கூடச் சாப்பிடும் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதே இரண்டு மணி, ஆறு மணிக் கணக்குதான். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்தால் அவற்றையும் இதையும் ஒன்றாகவே போட்டுக்கொள்ளலாம். சங்கு பற்பம் சுண்ணாம்புச் சத்து, அயச்செந்தூரம் இரும்பு என்பதால் அவற்றையும் மையத்தில் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. எச்.ஐ.வி.யை அடியோடு குணப்படுத்துவதாகச் சொல்லும் லேகியங்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டேன்: அவற்றுக்காக இந்த மாத்திரையை நிறுத்துகிறவர் உயிரோடு விளையாடுகிறார். கல்லீரல் அழற்சி பி கிருமியும் உடன் இருப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு. இதே மாத்திரையிலுள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும்தான் அதையும் அடக்கி வைத்திருக்கின்றன, சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் பொங்கிவிடும்.

சர்க்கரைக்காரர்கள் மெட்ஃபார்மின் சாப்பிடுவதை மறைக்கக் கூடாது. டோலுடெகிராவிர் அதன் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு நேர்மாறு. டோலுடெகிராவிர் சீக்கிரம் கரைந்துவிடும், ஆகவே பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் தனியாகத் தருவார்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் இரண்டும் இதே வம்புதான். வலி மாத்திரை விஷயத்தில் என் அனுபவம் வேறு. முழங்கால் வலிக்கு ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு வாரத்துக்கு டைக்ளோஃபெனாக் எழுதித் தந்தார்கள். நான் என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் கூச்சத்தில் சொல்லவில்லை. டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை என்பதை அடுத்த கிரியேட்டினின் பரிசோதனையின்போதுதான் தெரிந்துகொண்டேன். இப்போது எங்கே போனாலும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டை நீட்டிவிடுகிறேன். நோயின் பெயரைச் சொல்ல வாய் வராதவர்களுக்கு இது ஒரு வழி.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு முறை ஓர் ஆச்சி நின்றிருந்தார். மருந்தாளுநர் டப்பா கேட்டபோது, இடுப்பிலிருந்து ஒரு சிறிய எவர்சில்வர் சம்படத்தை எடுத்து நீட்டினார். வீட்டில் மருமகள் கண்ணில் டப்பா படக்கூடாது என்று மாத்திரைகளை அதில் கொட்டி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாராம். சில மாத்திரைகளின் மேல் பூச்சு உரிந்து புள்ளி விழுந்திருந்தது. மருந்தாளுநர் கோபிக்கவில்லை. "ஆச்சி, டப்பாவுக்குள்ள இருக்கிற இந்தச் சின்னப் பொட்டலம் ஈரத்தை இழுக்கத்தான். டப்பா மேல இருக்கிற காகிதத்தை வேணும்னா கிழிச்சிடுங்க, மாத்திரையை வெளியே எடுக்காதீங்க" என்று சொல்லி, முதல் காரியமாகக் காகிதத்தைத் தானே உரித்துக் கொடுத்தார். தேதியைப் பேனாவால் அடியில் எழுதினார். இந்த ஒரு நிமிடத்துக்காகவே மையத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். முப்பது டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைக்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் காரைக்குடியில் அது சுலபமில்லை. பழைய வீடுகளில் இரண்டாம் கட்டின் இருட்டறை அதற்கு வாய்ப்பான இடம். எங்கள் சமையல் வேனின் டாஷ்போர்டும் இருசக்கர வண்டியின் பெட்டியும் கூடவே கூடாது.

வெளியூர்ப் பயணத்தில் ஒரு தடவை கோயம்புத்தூருக்கு மூன்று நாள் கல்யாணம். டப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது. இரண்டு வேளை போனது. சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டினால் வேறு ஊர் ஏ.ஆர்.டி. மையத்திலும் அவசரத்துக்கு மருந்து கேட்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. வேளை மறந்தால், நினைவு வந்தவுடன் போட வேண்டும். அடுத்த வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிட்டு, வழக்கமான நேரத்துக்கு ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. இதைச் சொன்னபோது ஆலோசகர் திட்டாதது எனக்குப் பெரிதாகப் பட்டது. திட்டியிருந்தால் அடுத்த முறை மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் டப்பாவைக் கொண்டுபோயிருப்பேன்.

குறைகளுக்கு வருகிறேன். பெயரைச் சத்தமாகக் கூப்பிடும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் போதுமே. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் நம் நிலையை நம் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. உட்கார வைக்கும் பெஞ்சு புறநோயாளிப் பிரிவுக்குப் போகும் வழியிலேயே கிடக்கிறது. உறவினர் யாராவது வந்துவிடுவார்களோ என்று நாளிதழை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருக்கும் ஆட்களை எண்ணினால் அதுவும் ஐந்தைந்தாக வரும். வைரஸ் அளவு முடிவு வர வாரக்கணக்காகிறது. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவாது என்பதை மையத்தில் மெல்லிய குரலில் சொல்கிறார்கள். என் மனைவியிடம் அதை உரக்கச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டு மௌனம் மிச்சமாகியிருக்கும். மையத்துக்குப் போக முடியாத நாளில் சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். காலை ஒன்பதரைக்குள் போனால் பதினொரு மணிப் பேருந்தைப் பிடிக்கலாம். பழைய டப்பா, புத்தகம், வீட்டில் சாப்பிடும் மற்ற எல்லா மருந்தும் கையில் இருக்கட்டும். குறைந்த ஒன்று எதற்கென்று ஆலோசகரிடமே சொன்னேன். "நீங்களே எழுதிக் குடுங்கண்ணே" என்றார். மொய் நோட்டு எழுதும் கையெழுத்தில், ஆன்டாசிட், இரும்பு, கால்சியம், வலி மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பற்பம், செந்தூரம் என்று ஒரு முழுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மருந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்கள். போன மாதம் போனபோது தாளின் ஒரு மூலை பழுத்திருந்தது, அதன் மேல் யாரோ புது டேப் ஒட்டியிருந்தார்கள். அடியில் வேறொரு கையெழுத்தில் "லேகியம்" என்று ஒரு சொல் சேர்ந்திருந்தது.