டிப்ளோமாவுக்குக் காசு கட்ட முதல்: வன்னிப் பெற்றோருக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு மாங்குளத்திலிருந்து பரந்தன் வரை கரண்ட் கம்பமெல்லாம் நோட்டீஸ்தான். 'தொழில்முயற்சியாண்மை டிப்ளோமா, லண்டன் அங்கீகாரம், அப்படியே டிகிரி' என்று ஒட்டியிருப்பார்கள். அப்படி ஒரு இடத்தில் என் தங்கச்சி படித்தாள். வீட்டுக்காசு 185,000 ரூபாய் போனது, அதில் பாதி அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்த காசு. இடத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே பெயர்ப்பலகையை மாற்றிவிடுவார்கள், நீங்களும் அந்தப் பழைய பெயரை மட்டும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தங்கச்சி வணிகப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி காணாது. அவளுக்குச் சொந்தமாக ஏதாவது தொடங்கவேண்டும் என்று ஆசை. முறிகண்டியில் பஸ் நின்றால் எல்லாரும் இறங்கிக் கச்சான் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நல்ல பொதியில் போட்டு, எள்ளுப்பாகும் சேர்த்துக் கொழும்புக் கடைகளுக்கு அனுப்பலாம் என்பதுதான் அவள் கணக்கு. நல்ல கணக்குத்தான், இப்பவும் சொல்வேன்.

சேர்க்கப் போன அன்று அப்பா கேட்ட முதல் கேள்வியே, "இது அரசாங்கம் அங்கீகரிச்சதா, மிஸ்?" என்பதுதான். மேசையில் இருந்த பிள்ளை உடனே சுவரைக் காட்டியது. கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் முத்திரை, கையெழுத்து எல்லாம் வடிவாக இருந்தது. அது என்ன தெரியுமா? வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். பிரதேச செயலகத்தில் பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் கொடுக்கிற அதே தாள். கடை நடத்தலாம் என்பதற்கு அது சாட்சி. படிப்பிக்கலாம், சான்றிதழ் கொடுக்கலாம் என்பதற்கு அல்ல. தொழிற்பயிற்சி நடத்துகிற நிறுவனம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. பட்டம் என்றால் கதை வேறு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். இரண்டும் அந்தச் சுவரில் இல்லை.

வகுப்பு சனி, ஞாயிறு, மூன்று மூன்று மணித்தியாலம். விரிவுரையாளர் வராத நாட்களும் உண்டு, அது ஒரு பக்கம். எனக்கு உண்மையில் விசர் வந்தது நோட்ஸைப் பார்த்தபோதுதான். 'நிதி வசதி பெறுவது எப்படி' என்று ஒரு அத்தியாயம். "முதலில் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள்" என்று தொடங்குகிறது. கிளிநொச்சியில் எங்கே இருக்கிறது மாவட்டத் தொழில் மையம்? அது தமிழ்நாட்டில். அடுத்த பக்கத்தில் இந்திய அரசின் முத்ரா கடன், அதற்கடுத்து அங்கத்தைய ஜி.எஸ்.டி. வரி. யாரோ அங்கே இணையத்தில் போட்டதை அப்படியே இறக்கி, போட்டோகொப்பி அடித்துச் சுருள்கம்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வாட் வரி பற்றி ஒரு வரி இல்லை. கச்சான் பொதி செய்யப்போகிறவளுக்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எதைப் பார்ப்பார், லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதல்லவா முதல் தேவை? அதுவும் இல்லை. பிரதேச செயலகத்துச் சிறுதொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ சிறுதொழிலுக்குத் தொழில்நுட்பம் சொல்லித் தருகிற அரசாங்க விதாதா நிலையத்திலோ போய்க் கேட்டால் சும்மா சொல்லித் தருகிற விஷயங்கள்.

கடைசி மாதத்தில் புதிதாக ஒன்று வந்தது. வியாபாரத் திட்டத்தை எழுதிக் கொடுத்தால் 'வெளிநாட்டு முதலீட்டாளர்' பார்ப்பாராம், அதற்குப் பதிவுக் கட்டணம் 25,000. இதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிய பிள்ளைகளுக்கு இன்றுவரை ஒரு முதலீட்டாளரும் வரவில்லை.

சான்றிதழில் 'எஸ்.எல்.கியூ.எஃப். 5ஆம் மட்டத்துக்குச் சமம்' என்று அச்சடித்திருந்தது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 5ஆம் மட்டம் என்பது இளமாணிப் பட்டம், 90 கிரெடிட். டிப்ளோமா 3ஆம் மட்டம், அதற்கே 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு, சொந்தமாகப் படிப்பதையும் சேர்த்து, 50 மணித்தியாலம். ஆகக் குறைந்தது 1,500 மணித்தியாலம். இவர்கள் வருடம் முழுக்க ஒரு நாளும் விடாமல் நடத்தினாலும் 312தான் வரும். மிச்சத்தை அந்த போட்டோகொப்பியை வைத்தா நிரப்புவது? வவுனியாவில் ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது அந்த வரியைப் பார்த்துவிட்டு, "இதை யார் தீர்மானிச்சது, தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அப்புறம் அந்த லண்டன். பிரித்தானியக் கம்பனிப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடலாம். தேடினேன். அங்கீகாரம் கொடுத்ததாகச் சொன்ன அந்த லண்டன் இடம் ஒரு சாதாரணத் தனியார் கம்பனி. அங்கே கம்பனி பதிவது ஒன்லைனில் முடிகிற வேலை, ஆனால் பல்கலைக்கழகம் என்று பெயர் வைக்கத் தனி அனுமதி வேண்டும். அதனால்தான் அந்தக் கம்பனிக்கு 'அக்கடமி' என்று பெயர் போட்டிருக்கிறார்கள். யாராவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று சொன்னால், பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ அது இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் அதைத்தான் பார்க்கும்.

தனியார் என்றாலே கள்ளர் என்று சொல்லவில்லை. ஒழுங்காகப் பதிந்து நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் பதிவு இலக்கம் கேட்டால் முகம் கோணாது. இந்தப் பாடத்தைப் பட்டமாகவே படிக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் தொழில்முயற்சியாண்மைக்கென்றே ஒரு துறை இருக்கிறது. இசட் புள்ளி காணாவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டத்தை விசாரியுங்கள், அவர்கள் இசட் புள்ளி கேட்பதில்லை.

காசைத் திருப்பிக் கேட்டுப் போனேன். "ஐயா, படிச்சு முடிச்சாச்சுத்தானே" என்று அப்பாவிடம் சொன்ன அதே பணிப்பாளர், என்னைக் கண்டதும் கூட்டம் இருக்கிறது என்று காருக்குள் ஏறிவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், 1977க்கு அழைத்தால் விவரம் சொல்வார்கள். ஒரு சிக்கல்: எங்கள் பற்றுச்சீட்டில் நிறுவனத்தின் பெயரே இல்லை, 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு கிறுக்கலும் தொகையும்தான். இது எந்த இடம் என்று பிடிபட்டு, நீங்களும் அங்கே படித்திருந்தால், உங்கள் சீட்டில் பெயரோ இறப்பர் முத்திரையோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று கிடைத்தாலும் முறைப்பாட்டோடு சேர்க்கலாம்.