விண்டோஸின் ஸ்மைலிப் பெட்டி: களியக்காவிளை டிடிபி மேசையில் எவ்வளவு தூரம் உதவும்?

விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே புள்ளியைத் தட்டினால் திரையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். இமோஜி எடுக்கத்தான் பெரும்பாலானோர் அதைத் திறக்கிறார்கள். பக்கத்திலேயே ;-) என்று ஒரு தாவல் இருப்பது பலர் கண்ணில் படுவதில்லை. விண்டோஸ் 10இன் 1903 பதிப்போடு, 2019 மே மாதம் வந்தது அது. அதற்குள் இருப்பவை கவோமோஜி, அதாவது எழுத்தையும் நிறுத்தற்குறியையும் கோத்துச் செய்த முகங்கள். விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினிகளில் இந்தப் பெட்டி கிடையாது.

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்து டிடிபி கடைகளில் ஒரே மேசையில் தமிழும் மலையாளமும் ஓடும். பாறசாலைக்காரர் மலையாளத்தில் கல்யாணக் குறி (அழைப்பிதழ்) கொண்டுவருவார், அடுத்தவர் தமிழில் பிறந்தநாள் பேனர் கேட்பார், காலேஜ் பிள்ளைகள் காபி கப்பைக் காட்டி, “இதுல ஒரு க்யூட் முகம் போட்டுத் தாங்க அண்ணே” என்பார்கள். அந்த மேசைக்கு இந்தப் பெட்டி எவ்வளவு பயன்படும் என்பதே இங்கே கேள்வி. முகம் தேடி எடுக்க நல்ல பெட்டிதான், காசும் இல்லை. எந்த முகத்துக்கு என்ன பொருள், எது எந்த இடத்தில் உடையும் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. கடைக்காரர் தலையில் விழுவது அந்த வேலைதான்.

பொருளிலிருந்தே தொடங்கலாம். பக்கவாட்டில் படுத்திருக்கும் :-) அமெரிக்கச் சரக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் விளையாட்டாக எழுதியதைச் சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். இனி விளையாட்டுப் பேச்சுக்கு :-) போடுங்கள் என்று ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று எழுதினார். அதே குறிப்பில் :-( வந்தது. ஆகவே முதலில் அதன் பொருள் ‘எனக்கு மகிழ்ச்சி’ என்பதல்ல, ‘இது சும்மா’ என்பது. அச்சு எழுத்தில் முகம் செய்வது அவருக்கும் முந்தியது. 1881இலேயே பக் என்ற அமெரிக்க நகைச்சுவை இதழ் அச்சுக்குறிகளால் நான்கு முகங்களைக் கோத்துக் காட்டியிருக்கிறது.

நிமிர்ந்து நிற்கும் (^_^) ஜப்பான் வழி வந்தது. 1980களின் நடுவில் அங்கே கணினி வலைகளில் பரவியது. கவோ என்றால் முகம், மோஜி என்றால் எழுத்து. இமோஜியில் இருப்பதும் அதே மோஜிதான். முன்னால் வரும் ‘எ’க்குப் படம் என்று பொருள். ஆங்கில ‘இமோஷன்’ என்ற சொல்லோடு அதற்கு உறவு இல்லை, ஒலி ஒத்துப்போனது தற்செயல். மேலைநாட்டு முகத்தில் வாய்தான் மாறும், கண் பெரும்பாலும் அதே இரண்டு புள்ளி. ஜப்பான் முகத்தில் வாய் பெரும்பாலும் ஒரு கோடாகவே நிற்க, கண் பேசும். ஜப்பானியர் முகபாவத்தைக் கண்ணிலும் அமெரிக்கர் வாயிலும் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்று மசாகி யூகியும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. கதகளி பார்த்துப் பழகிய இந்தப் பக்கத்தாருக்குக் கண் பேசும் என்பதைத் தனியே விளக்க வேண்டாம்.

அச்சு வேலைக்கும் இது ஒரு கணக்கு. பேனரில் :-) போட்டால் வயதானவர்கள் அதை முக்காற்புள்ளி என்றே படிப்பார்கள், தலையைச் சாய்த்துப் பார்க்கத் தோன்றாது. (^_^) போட்டால் யாருக்கும் முகம் தெரியும்.

அடிக்கடி பொருள் மாறிப்போவது அரைப்புள்ளியால். (;_;) என்பதில் அது கண்ணிலிருந்து வடியும் கண்ணீர். (^_^;) என்பதில் கன்னத்து வியர்வை: அசடு வழிதல், ‘மன்னிச்சுக்கோ, மறந்துட்டேன்’ என்ற பாவம். வாழ்த்து அட்டையில் இரண்டாவதைப் போட்டால், வாழ்த்துகிறவர் ஏதோ தப்புச் செய்துவிட்டு நெளிவது போலாகும். (-_-) சலிப்பு. கண்ணை மூடித் தூங்குவதாக நினைத்துக் குழந்தைப் படத்தின் கீழே போட்டுவிடுகிறார்கள். (>_<) வலி அல்லது தாங்க முடியாத தவிப்பு, (@_@) தலைசுற்றல், (=^.^=) பூனை. ஆங்கிலச் சிற்றெழுத்து எம் இரண்டுக்கு நடுவே (_ _) வந்தால், தரையில் ஊன்றிய இரண்டு கையும் குனிந்த தலையும். மன்னிப்புக்கோ பணிந்து கேட்பதற்கோ உரியது. யு, டபிள்யூ, யு என்று மூன்று எழுத்தைச் சேர்த்தெழுதினால் அதுவும் முகம்தான்: இரண்டு யுவும் மூடிய கண், டபிள்யூ பூனை வாய். கொஞ்சலுக்கு மட்டும். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு (;_;) கேட்டு வந்தால் மறுத்துவிடுவது நல்லது. அது செல்லமாகச் சிணுங்கும் அழுகை, துக்கம் அல்ல.

அயல்மொழி எழுத்தைத் தூக்கிக் கண்ணாக வைக்கும் பழக்கமும் உண்டு. முறைத்துப் பார்க்கும் முகமாக உலகம் முழுக்கச் சுற்றுவது கன்னடத்தின் ‘ட’ வர்க்கத்து இரண்டாம் எழுத்து. அதே எழுத்து மலையாளத்தில் வெறும் வட்டம், தமிழில் இல்லவே இல்லை. சிங்கள ‘ங’ ஒரு வீடியோ கேமின் விண்வெளிவீரன் மாதிரி இருக்கிறது என்று 2021 வாக்கில் எங்கும் ஒட்டினார்கள். நம் ‘ஐ’யும் தப்பவில்லை. மெசஞ்சர் காலத்தில் தமிழே தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கள் பெயருக்கு இரண்டு பக்கமும் அதைப் பூவாக வைத்துக்கொண்டார்கள். தமிழிலேயே முகம் வேண்டுமென்றால் தமிழ்ப் பூஜ்யம் இருக்கிறது: (௦_௦). திகைப்புக்கு நன்றாகவே பொருந்தும்.

இனி உடையும் இடங்கள். முதல் எதிரி பழைய எழுத்துரு. பாமினியில் அரைப்புள்ளியின் இடத்தில் புள்ளி, அதாவது மெய்யெழுத்தின் தலைப்புள்ளி, உட்கார்ந்திருக்கிறது. பாமினி வரியில் (;_;) போட்டால் கண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தலைப்புள்ளி மிதக்கும். பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டினாலும் இதே கதி, ஏனென்றால் உள்ளே இருப்பது அதே ஆங்கிலக் குறியீடு. கார்த்திகா, ரேவதி போன்ற பழைய மலையாள எழுத்துருக்களிலும் இப்படித்தான். முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஏரியலுக்கு மாற்றினால் சரியாகும்.

இரண்டாவது, கட்டம். ‘எனக்கென்ன தெரியும்’ என்று தோளைக் குலுக்கும் முகத்தின் நடுவில் சிரிப்பது ஜப்பானிய கத்தகானா எழுத்து. அது இல்லாத எழுத்துருவில் வெறும் கட்டம் விழும். வேர்டு தானாக வேறு எழுத்துருவைப் பிடித்துக்கொள்ளும், பழைய கோரல் டிரா அப்படிச் செய்யும் என்று நம்ப முடியாது. கத்தகானாவுக்கு எம்எஸ் காதிக், கன்னட எழுத்துக்கு நிர்மலா யுஐ என்று கையாலேயே கொடுங்கள். இரண்டும் விண்டோஸ் 10இல் கூடவே வருகின்றன. சரியாகத் தெரிந்ததும் கோரல் டிராவில் கண்ட்ரோலும் கியூவும் அழுத்தி வளைகோடாக்கிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். பிறகு எந்த மெஷினில் திறந்தாலும் முகம் மாறாது.

வேர்டுக்கு வேறொரு குணம். :) அடித்தால் அதை விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரிப்பாக மாற்றிவிடும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் அங்கே ஆங்கில ‘ஜே’ மட்டும் தனியாக நிற்கும். மாறிய உடனே கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் பழையபடி வரும். அடிக்கடி தேவைப்பட்டால் ஆட்டோ கரெக்ட் பட்டியலிலிருந்தே அதை நீக்கிவிடலாம்.

கப்புக்குத் தாளில் இடவலம் திருப்பி அச்சடித்து, சூடாக்கிக் கப்பில் பதிக்க வேண்டும். பெயர் எழுதியிருந்தால், திருப்ப மறந்தது கப் சூடு ஆறும் முன்பே தெரிந்துவிடும். (^_^) மட்டும் இருந்தால் யாருக்கும் தெரியாது, இரண்டு பக்கமும் அது ஒன்றுதான். (^_^;) என்றால் வியர்வை அடுத்த கன்னத்துக்குப் போய்விடும். அடிக்கோடு மெலிந்தது, சின்ன அளவில் காணாமலே போகும். தடித்த எழுத்தில் வையுங்கள்.

மாதிரியை வாட்ஸாப்பில் எழுத்தாக அனுப்பாதீர்கள். இரண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவில் வருவதை அது தடித்த எழுத்தாக்கிவிட்டு நட்சத்திரத்தை விழுங்கும். (*_*) அனுப்பினால் கண் போய்விட வாய்ப்புண்டு. படமாக எடுத்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

பெட்டியின் பெரிய குறை, சொந்த முகத்தைச் சேர்த்து வைக்க இடம் தராதது. கைபேசி இதில் மேல். கூகுள் விசைப்பலகையான ஜிபோர்டின் தனிப்பட்ட அகராதியில் முகத்தைச் சொல்லாகவும் இரண்டெழுத்தைக் குறுக்குவழியாகவும் சேர்க்கலாம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் மாறி மாறித் தட்டுகிறவர்கள் ‘எல்லா மொழிகளும்’ என்பதன் கீழ் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மொழியில் மட்டும் வரும். ஐபோன்காரர்கள் ஜப்பானிய கனா விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் ^_^ என்று ஒரு கீயே இருக்கிறது.

‘கப் ரெடி’ என்று எஸ்எம்எஸ் அனுப்பும் கடைகளுக்கு ஒரு கணக்கு. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 இடம். அதில் ^ ஒன்றுக்கு 2 இடம் பிடிக்கும், எனவே (^_^) 7 இடம். தோள் குலுக்கும் அந்தக் கத்தகானா ஒன்றே ஒன்று நுழைந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடாகி 70 இடத்துக்குச் சுருங்கும். தமிழில் அடித்தால் முதலிலிருந்தே 70தான், அதில் (^_^) 5 இடம். களியக்காவிளை என்ற ஊர்ப் பெயர், கண்ணுக்கு 7 எழுத்தாகத் தெரிந்தாலும், 12 இடம்.