கபடி மேட் ஷூ: கார்னர் நிற்பவர்களுக்கு வாங்கலாம், பாடிப் போகிறவர்களுக்கு வேண்டாம்

தஞ்சாவூரில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய கபடி ஷூவைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் அணியில் இடது கார்னர் நிற்கிற, அதாவது இடது ஓரத்தில் நின்று பாடி வருபவரைப் பிடிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கியது. மன்னார்குடிப் பக்கம் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பணம் அவள் அம்மாவுக்கு நாலைந்து நாள் நடவுக் கூலி. அதனால் கடைக்காரரைத் துளைத்தெடுத்துத்தான் வாங்கினேன்.

எங்கள் பிள்ளைகள் மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். சம்பா அறுப்பு முடிந்தால் தரிசு வயலே களம். ஆனால் முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவுக்குப் போனாலும் சரி, கேலோ இந்தியாவுக்குப் போனாலும் சரி, அங்கே மண் கிடையாது, விரிப்பு போட்ட மேட்தான். பெண்களுக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஷூ இல்லாமல் இறங்க முடியாது. 2024 ஜனவரியில் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் தமிழ்நாடு 38 தங்கத்தோடு இரண்டாம் இடம் வந்தது. அப்போதிருந்தே இந்தப் பிள்ளைகளுக்கு அங்கே போய் ஆடும் ஆசை. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் நம்ம வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் ஆடிய பிறகு, ஒருத்தியும் பயிற்சிக்கு மட்டம் போடுவதில்லை.

இனி ஷூவுக்கு வருகிறேன். அடி ரப்பர் அருமை. மேட்டைக் கவ்வி நிற்கிறது, கோடு விழுவதில்லை. கார்னர் ஆள் டைவ் அடித்துக் கணுக்காலைப் பிடிக்கும்போது பின்கால் பெருவிரல் முனைதான் மொத்த உடம்பையும் முன்னால் தள்ளும். மலிவு ஷூக்கள் முதலில் வாய் பிளப்பது அங்கேதான். இதில் அந்த முனையில் ரப்பரை மேலே ஏற்றி, பசையோடு விடாமல் நூல் போட்டுத் தைத்திருக்கிறார்கள். ஒரு சீசன் முழுக்க அடி வாங்கியும் தையல் விடவில்லை. அந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

குறை அகலத்தில். வெறுங்காலில் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். இந்த ஷூ அங்கே குறுகல். ஒரு அளவு பெரிதாக எடுத்தால் குதிகால் நழுவுகிறது. தடித்த சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறோம். எடையும் கூடுதல். போனஸ் என்கிற கூடுதல் புள்ளி எடுக்கிற பிள்ளை ஒரு காலை எதிரணிப் பக்கத்துப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றும் நொடியில் பின்காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருக்க வேண்டும். இதைப் போட்டுக்கொண்டு, பாடிப் போகிற எங்கள் ரைடரால் அது சரியாக முடியவில்லை. அவளுக்கு இதைவிட மெல்லிய ஷூவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர்களுக்கும் பி.டி. சார்களுக்கும் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். போட்டிக்கு முந்தின நாள் புது ஷூ வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். மண்ணில் திரும்பும்போது பாதம் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ அப்படியே ஒட்டி நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். ஜவ்வு கிழிந்தால் அந்தப் பிள்ளையின் ஆட்டம் பல மாதம் போய்விடும். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் முதலிடம் வரும் அணியில் ஆளுக்கு 75,000 ரூபாய் பரிசு. நம் வீடுகளுக்கு அது பெரிய பணம். அதற்காக ஓடுகிற காலை இரண்டு மாதம் முன்பே மேட்டுக்குப் பழக்குங்கள். எங்களுக்கு மேட் இல்லை. மேட் போட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி வாங்கி ஆடுகிறோம்.

ஷூவை மண்ணில் போட்டு நடக்க விடாதீர்கள். தூசி ஏறினால் பிடிப்பே போய்விடும். பையில் கொண்டுபோய் மேட் ஓரத்தில் மாட்டி, ஈரத்துணியால் அடியைத் துடைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் நனைந்தால் உள் அட்டையை உருவித் தனியாகக் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம், பசை விட்டுவிடும். வாங்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்து பாதம் சற்று விரிந்திருக்கும்போது போட்டுப் பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.