பழைய கிட்டாரும் வால்வு அம்ப்பும் திருகோணமலைக் கரண்ட்டும்: ஆறு வருடப் பாவனைக்குப் பிறகு

என்னுடைய வால்வு அம்ப்பின் (கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி) கப்பாசிட்டர்களை மாற்றித் திரும்ப எடுத்துவந்து ஒரு கிழமை ஆகிறது. அந்த நேரம் பார்த்து உப்புவெளியில் வாசிக்கிற தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணன், என்ட பழைய ஸ்ட்ராட் இரவில செத்த சத்தம் போடுது. வித்துப்போட்டு வேற எடுக்கட்டா?" அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இவ்வளவு நீண்டுவிட்டது.

எதை வைத்துச் சொல்கிறேன் என்பது முதலில் தெரிய வேண்டும். கிட்டார் ஜப்பானில் செய்த ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்), தொடர் எண் 'ஈ' எழுத்தில் தொடங்குவது, அதாவது 1984க்கும் 1987க்கும் இடைப்பட்டது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப் மூன்று, மூன்றும் ஒற்றைச் சுருள். அம்ப் அமெரிக்காவில் செய்த 22 வாட் வால்வு வகை: வெளியீட்டில் இரண்டு 6வி6 வால்வு, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஒப்பிட்டுப் பார்க்க ரோலண்ட் ஜேசி-120. அது 1975இல் வந்த டிரான்சிஸ்டர் அம்ப். ஒவ்வொன்றும் 60 வாட்டாக இரண்டு பகுதி, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்.

பழைய கிட்டாரை எடை போடுகிறவர்கள் முதல் வேலையாக வயரைச் செருகுகிறார்கள். செருகாமல் பாருங்கள். ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) பதினேழாவதிலும் அழுத்திக்கொண்டு ஏழாம் ஃப்ரெட்டின் மேல் இடைவெளியைக் கவனியுங்கள். 0.25 மில்லிமீட்டர் அளவில், ஒரு விசிட்டிங் கார்ட் மட்டுமட்டாக நுழைகிற மாதிரி இருந்தால் நெக் நன்றாக இருக்கிறது. இடைவெளி அதிகமென்றால் நெக்குக்குள் போகிற இரும்புக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டுத் திரும்ப அளக்க வேண்டும். ராட் ஏற்கெனவே முழுதாக இறுகிக் கிடந்து நெக் இன்னும் வளைந்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் கிட்டாரை எடுக்காதீர்கள். ஃப்ரெட்டின் உயரம் 0.7 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் புது ஃப்ரெட் அடிக்கிற செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 7.25 அங்குல வளைவுள்ள பழைய பலகையில் கம்பியை இழுத்து வாசிக்கும்போது பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் சத்தம் அடைபட்டால், கம்பியை 0.2 மில்லிமீட்டர் உயர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வயர் இல்லாமல் அடிக்கும்போது கிட்டாரின் கொம்பைக் காதோடு வைத்துக் கேளுங்கள். ஏதாவது ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்தால் அது மரத்தின் குணம். எந்த அம்ப் வந்தாலும் அது போகாது.

நம்முடைய ஊரில் இந்த அளவுகள் வருடத்துக்கு இரண்டு தடவை மாறும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பலகை காய்ந்து சுருங்கும். ஃப்ரெட் முனைகள் வெளியே தள்ளிக் கையைக் கீறும். வாடைக்காற்றும் மழையுமாக ஐப்பசியில் தொடங்கினால் நெக் ஊறி வளையும். இரண்டு காலத்தின் தொடக்கத்திலும் ராடை ஒருக்கா சரிபார்த்தால் போதும். உப்புக்காற்று அப்படி விடாது. பாலத்தில் கம்பியைத் தாங்குகிற சாடில் திருகாணிகள் துருப்பிடித்து இறுகும். மாதம் ஒரு தடவை மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு, கம்பி மாற்றும்போது ஒரு பஞ்சுத் துடைப்பு, இவை இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் அலன் சாவி வழுக்கத் தொடங்கும்.

பிக்கப்பையும் உப்பு விடுவதில்லை. பழைய முறை ஸ்ட்ராட் பிக்கப்பில் காந்தக் குச்சிகளின் மேலேயே 0.06 மில்லிமீட்டர் தடிப்புள்ள செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். குச்சி துருப்பிடித்தால் துரு கம்பியின் பூச்சைத் தின்று, செம்பு பச்சையாகி, ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்தபின்னும் சத்தம் முழுதாக நிற்காது. மெலிந்து, கீச்சென்று, தூரத்தில் கேட்கிற மாதிரி வரும். "பழைய பிக்கப் அப்படித்தான் இருக்கும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். வால்யூமை முழுதாகத் திறந்து, கிட்டாரில் வயரைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒவ்வொரு பிக்கப்புக்கும் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வர வேண்டும். 250 கிலோ ஓம் காட்டினால் நீங்கள் அளப்பது வால்யூம் பொட்டை (குமிழின் கீழே இருக்கிற மாறும் தடை), சுருள் அறுந்துபோயிருக்கிறது. இரட்டைச் சுருள் ஹம்பக்கர் என்றால் பழையவற்றில் 7 முதல் 8.5 கிலோ ஓம், பொட் 500 கிலோ ஓம்.

பொட் பழசாகும்போது கரகரப்பது சின்ன விஷயம், ஸ்ப்ரே அடித்தால் போகும். பெறுமதி மாறிப்போவதுதான் கவனிக்க வேண்டியது. 250 என்று பதித்த பொட் 190 கிலோ ஓமுக்கு இறங்கியிருந்தால் உச்சச் சுரங்கள் மங்கும். அதை மரத்தின் கனிவு என்று புகழ்கிறவர்களும் உண்டு. அமெரிக்கத் தயாரிப்புகளில் பொட்டின் முதுகிலுள்ள எண் வயதையும் சொல்லும்: 137 என்று தொடங்கினால் செய்த நிறுவனம் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். 1377614 என்பது 1976ஆம் வருடத்தின் 14ஆவது கிழமை. கிட்டார் அந்தத் திகதிக்கு முந்தியதாக இருக்க முடியாது, பொட் பிறகு மாற்றப்படாத வரைக்கும்.

இவ்வளவும் சரியாக இருக்கிற கிட்டாரையும் நாம் எப்படிக் கேட்கிறோம்? கலியாண மண்டபத்திலும் கோயில் மேடையிலும் தேவாலயத்திலும் அதை நேரே மிக்சரின் லைன் துளையில் செருகிவிடுகிறார்கள். அந்தத் துளையின் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ ஓம். ஒற்றைச் சுருள் பிக்கப் 1 மெகா ஓமைப் பார்த்துப் பழகியது. நூறில் ஒரு பங்குத் தடையில் கட்டினால் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற பளபளப்பு முழுதும் அமுங்கிவிடும். பிறகு சவுண்ட்காரர் ட்ரெபிளை முறுக்குவார், ஸ்பீக்கரின் ஹார்ன் தகரமாய்க் கத்தும், பழி கிட்டாரின்மேல் விழும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக விழுந்துவிடும். நாம் கேட்டுப் பழகிய கிட்டார் சத்தமே அந்த விழுதலால் உருவானது. ஹார்னுள்ள பாட்டு ஸ்பீக்கர் 15,000 வரை போகும், விரல் உரசலையும் டிஸ்டார்ஷனின் மணலையும் சேர்த்துக் கொட்டும். மேடையில் அம்ப் வைக்க முடியாவிட்டால் கிட்டாரை மிக்சருக்குப் பொருத்தித் தருகிற, 1 மெகா ஓம் உள்ளீடுள்ள ஆக்டிவ் டிஐ பெட்டி ஒன்றாவது வேண்டும். தம்பி, உங்கள் சத்தத்தில் பாதிப் பிரச்சினை இதுவாக இருக்கலாம்.

வயரும் ஒரு டோன் பொட் மாதிரித்தான். மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோ ஃபரட். 3 மீட்டர் வயரில் ஸ்ட்ராட் பிக்கப்பின் ஒத்திசைவு உச்சம் (அது மிக உரக்கத் தருகிற இடம்) ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸில் நிற்கும். 9 மீட்டர் வயரில் அது 3,300க்கு இறங்கும். காதுக்குக் கிட்டார் மாறிய மாதிரியே இருக்கும். இரண்டு கிட்டார்களை ஒப்பிடும்போது ஒரே வயரைப் பாவியுங்கள்.

இனி வால்வு அம்ப். அதன் நல்லதை மனசாரச் சொல்ல வேண்டும். அம்ப்பின் வால்யூமை 5இல் வைத்து, கிட்டாரின் வால்யூமை 6க்கு இறக்கினால் சத்தம் கண்ணாடி மாதிரித் தெளியும். அதே கையோடு 10க்கு ஏற்றினால் பாடத் தொடங்கும். கம்பியைப் பிக்கால் மெல்லத் தொட்டால் ஒரு குரல், அழுத்தினால் இன்னொரு குரல். நடு பிக்கப்பும் நெக் பிக்கப்பும் சேர்ந்த இடத்தில் மணி அடித்த மாதிரி ஒரு விளிம்பு வரும். எந்தப் பெடலிலும் அது இதே மாதிரி வந்து கேட்டதில்லை. உள்ளீடு ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் தெரிந்துவைத்திருங்கள். இந்த வகை அம்ப்பில் முதல் துளை 1 மெகா ஓம். இரண்டாவது 136 கிலோ ஓம், சத்தமும் பாதி. இரண்டாவதில் செருகி "இருண்ட கிட்டார்" என்று ஒதுக்கப்பட்ட நல்ல கிட்டார்கள் நிறைய இருக்கும்.

ஆனால் ஆறு வருடமாகத் தீராத எரிச்சல் ஒன்று இருக்கிறது: சுவரில் வருகிற கரண்ட். 120 வோல்ட் அம்ப்புக்குக் கடையில் கிடைப்பது 230க்கு 110 தருகிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போர்மர். நண்பகலில் சுவரில் 240 வந்தால் அம்ப்புக்குப் போவது 115. வால்வைச் சூடாக்குகிற ஹீட்டரில் 6.3க்குப் பதில் 6 வோல்ட், வால்வின் உயர் மின்னழுத்தத் தகடான பிளேட்டில் சுமார் 400 வோல்ட். நன்றாக வாசிக்கும். இரவு ஏழரைக்கு எல்லா வீட்டிலும் விசிறியும் விளக்கும் ஓட, சுவரில் 205 காட்டுகிற நாட்கள் உண்டு. அப்போது அம்ப்புக்கு 98. ஹீட்டர் 5.15 வோல்ட், வால்வுக்கு அனுமதிக்கிற பத்து வீதக் கீழெல்லை 5.67. பிளேட் 340க்கு வந்துவிடும். சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு விழுவதால் பகலில் 20 வாட் தந்தது இரவில் 15 வாட் கூடத் தராது. கீழ்ச்சுரங்கள் தளர்ந்து தொங்கும், பிக்கின் முதல் அடி மழுங்கும், வால்வின் ஆயுளும் குறையும். நிகழ்ச்சிகளெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. பகலில் கடையில் கேட்டு மயங்கி வாங்கிய கிட்டார் இரவு மேடையில் செத்த சத்தம் போடுவதற்கு இதைவிட வேறு காரணம் தேடத் தேவையில்லை.

ஜெனரேட்டர் ஓடுகிற மண்டபத்தில் நிலைமை மறுபக்கம் சாயும். 255 வரை ஏறினால் 110 ஸ்டெப்டவுன் 122 தரும். அம்ப்பின் டிரான்ஸ்போர்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, நம்முடைய கரண்ட் 50. 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் இரும்பில் காந்த அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடி, பெட்டி கை வைக்க முடியாமல் சுடும். இந்த விஷயத்தில் ஜப்பான் அம்ப்புகள் மேல். அந்த நாட்டின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 என்பதால் அவற்றின் டிரான்ஸ்போர்மர் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் அவை 100 வோல்ட். 110 ஸ்டெப்டவுனில் கட்டினால் பகலில் ஹீட்டர் 7 வோல்ட்டைத் தாண்டும். 100 தருகிற ஸ்டெப்டவுனைச் சொல்லிச் சுற்றுவிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். சுவரிலிருந்து முதலில் வோல்ட்டை ஒரே அளவில் வைக்கிற ஸ்டெபிலைசர், மோட்டார் வகை, 1 கேவிஏ. ரிலே வகை வேண்டாம், ஒவ்வொரு படி மாறும்போதும் ஸ்பீக்கரில் டப்பென்று கேட்கும். அதன்பின் ஸ்டெப்டவுன், 300 விஏ, இரண்டு தனிச் சுற்றுள்ளது. மலிவானவை பெரும்பாலும் ஒற்றைச் சுற்று. அவற்றில் சுவருக்கும் அம்ப்புக்கும் நடுவே எந்தப் பிரிப்பும் இல்லை. ஏர்த் வயர் உடையாமல் சுவரிலிருந்து அம்ப்பின் உலோகப் பெட்டி வரை போக வேண்டும். பழைய இரண்டு முள் பிளக் உள்ள அம்ப்பில் மெயின் வயரிலிருந்து பெட்டிக்கு ஒரு 0.047 மைக்ரோ ஃபரட் கப்பாசிட்டர் இருக்கும். அது ஷோர்ட் ஆனால் கிட்டார்க் கம்பி முழுதும் கரண்ட் ஏறும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று வயர் கேபிள் போடுங்கள். மேடையில் பாடத் தொடங்குமுன் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, கிட்டார் கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேலே காட்டினால் வாயை மைக்கில் வைக்காதீர்கள். அம்ப்பைத் திறக்கிறவர்களுக்கு: பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 400 வோல்ட் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் 10க்குக் கீழே வந்ததைக் கண்ட பிறகு கை வையுங்கள்.

இரைச்சலையும் பிரித்துப் பார்க்கலாம். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். அம்ப்பின் ஊமை இரைச்சல் அந்தச் சுரத்தைவிட ஒரு சொட்டுக் கூர்மையாக, கிட்டாரைக் கழற்றியும் நின்றால் அது 100 ஹெர்ட்ஸ். வடிகட்டிக் கப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. 15, 20 வருடத்துக்கு மேல் மாற்றாத அம்ப்பில் இது பெரும்பாலும் வரும், இப்போது மாற்றியதும் அதற்காகத்தான். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50 ஹெர்ட்ஸ். கிட்டாரோடு சேர்ந்து நீங்கள் திசை மாறும்போது அந்த இரைச்சல் கூடிக் குறைந்தால் பிக்கப் ஸ்டெப்டவுனின் காந்தத்தை வாங்குகிறது. பெட்டியை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். கம்பியைத் தொடும்போது இரைச்சல் குறைந்தால் பாலத்தின் ஏர்த் வயர் வேலை செய்கிறது. கூடினால் நிறுத்திவிட்டு மின்னிணைப்பைப் பாருங்கள்.

புது வால்வு போட்டால் பயாஸ், அதாவது வாசிக்காமல் இருக்கும்போது வால்வில் ஓடுகிற கரண்ட்டின் அளவு, கட்டாயம் வைக்க வேண்டும்: இந்த அம்ப்பில் ஒவ்வொரு 6வி6க்கும் சுமார் 22 மில்லி அம்பியர். ஸ்டெபிலைசர் இல்லாதவர்கள் அதைச் சுவரில் கரண்ட் மிக உயர்ந்து நிற்கிற நேரத்தில் வையுங்கள். இரவு வைத்தால் பகலில் பிளேட் சிவக்கும்.

ஆறு வருடம் இவ்வளவையும் செய்த பிறகு என் முடிவு: திருகோணமலையில் மேடைக்கு வால்வு அம்ப் எடுக்காதீர்கள். சத்தத்தில் அதற்கு நிகர் கிடையாது என்று மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆனால் அந்தச் சத்தம் கிழமையில் ஐந்து இரவு வராவிட்டால் அதை வைத்து என்ன செய்வது? ஸ்டெபிலைசர், ஸ்டெப்டவுன், மீட்டர் என்று அம்ப்பைவிடப் பாரமான சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய் வாசிக்கிறவரின் கவனம் கம்பியில் இருக்காது. 230 வோல்ட் ஜேசி-120 ஒன்று கிடைத்தால் எடுங்கள். அதில் ஹீட்டர் கிடையாது. நூறு வாட்டுக்கு மேலே கையிருப்பு இருப்பதால் 205 வோல்ட்டிலும் மேடைச் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. பிரைட் சுவிட்சை அணைத்து, ட்ரெபிளை 4இல் வைத்தால் ஸ்ட்ராட் கீறாது. பாட வைக்க ஒரு ஓவர்ட்ரைவ் பெடல் வேண்டும், அது வால்வு ஆகாது, பரவாயில்லை. அது 28 கிலோ என்பது மட்டும்தான் குறை.

கிட்டாரை விற்க வேண்டாம், தம்பி. இன்று இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை வோல்ட் என்று அளந்து அனுப்புங்கள். 215க்குக் கீழே என்றால் பேச்சு அம்ப்பைப் பற்றியது. 225க்கு மேலே நின்றும் சத்தம் செத்துத்தான் இருக்கிறதென்றால் கிட்டாரை எடுத்துக்கொண்டு வாருங்கள், வால்யூம் பொட்டை அளந்து பார்ப்போம்.