கடல் முள்ளெலிச் சுவடுகள்: இங்கிலாந்தின் மைக்ராஸ்டரா, மடகஸ்காரின் பளபளப்பா?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு உயிர்ச்சுவடு சேகரிக்க விரும்புபவர், அது தம் காலடியில் கிடைக்காது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இவ்விரு மாவட்டங்களின் அடிப்பாறை விஜயன் தொகுதியைச் சேர்ந்த உருமாறிய பாறை. பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருவான அந்தப் பாறையில் ஓடும் எலும்பும் தேடுவது வீண், குடும்பிமலையை எத்தனை தடவை ஏறி இறங்கினாலும். மயோசீன் காலக் கடற்சுவடுகள் கொண்ட மினிஹாகல்கந்த அம்பாறைக்குத் தெற்கே ஓரளவு கிட்டவே இருந்தாலும், அது யால தேசியப் பூங்காவுக்குள் அமைந்திருப்பதால் அங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்து வர இயலாது. ஆகவே விலைக்கு வாங்குவதே வழி; முட்கள் போர்த்த ஓட்டோடு கடலடியில் வாழும் கடல் முள்ளெலியின் (sea urchin) சுவடுகளுள் எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

வாங்குவதற்கு முன், பாசிக்குடாப் பக்கம் கரையொதுங்கும் இன்றைய முள்ளெலியின் வெற்றோடு ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. முட்கள் உதிர்ந்த அந்த ஓட்டை வெயிலுக்கு நேரே பிடித்தால், ஊசியால் குத்தியவை போன்ற துளைகள் ஐந்து பட்டைகளாக மேலிருந்து கீழே இறங்குவது தெரியும். அவை நீர்க்குழாய்க் கால்கள் வெளிவரும் வழிகள். அதே ஐந்து பட்டைகளைத்தான் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய சுவட்டிலும் தேடப்போகிறோம். உயிருள்ள முள்ளெலியின் ஓட்டுத் தகடுகள் நுண்துளைகள் நிறைந்தவையாதலால் ஓடு மிக இலேசானது. சுவடாகும்போது அத்துளைகளையும் உள்வெளியையும் கல்சைற்று என்னும் சுண்ணக் கனிமமோ மண்ணோ நிரப்பிவிடுவதால் அது கல்லின் கனத்தைப் பெறுகிறது.

சந்தையில் எளிதாகக் கிடைப்பவற்றுள் இரண்டே முதன்மையான போட்டியாளர்கள். ஒன்று, தென் இங்கிலாந்தின் சோக்குப் படிவுகளிலிருந்து வரும் மைக்ராஸ்டர் என்னும் இதயவடிவ முள்ளெலி. கிரீத்தேசியக் காலத்தது, ஏறக்குறைய 8.5 கோடி ஆண்டுப் பழைமை. மற்றது, மடகஸ்காரிலிருந்து பெருமளவில் வரும் மெப்பிகுரஸ். யுராசிக் காலத்தது, சுமார் 16 கோடி ஆண்டு. வயதையும் பளபளப்பையும் மட்டும் பார்த்தால் மடகஸ்கார் வென்றுவிடும். தட்டையான உருவத்தின் மேல் ஐந்து இதழ்ப் பூவொன்று தெளிவாகத் தெரியும், விலையும் குறைவு. ஆனால் விற்பனைக்கு வருவனவற்றுள் பல இயந்திரத்தில் மினுக்கப்பட்டவை. மினுக்கும்போது முட்கள் பொருந்தியிருந்த சிறு குமிழ்கள் தேய்ந்துபோகின்றன. இதழின் கோடு மிஞ்சுகிறது, மேற்பரப்பு போய்விடுகிறது. இதை அழகென்று கொள்வோரோடு எனக்கு வழக்கில்லை. மாதிரி என்று கொள்ள மட்டும் மனம் வரவில்லை. ‘மடகஸ்கார், யுராசிக்’ என்பதற்கு மேல் எந்த ஊர், எந்தப் பாறைப் படை என்ற விவரம் பெரும்பாலும் சீட்டில் இருப்பதில்லை என்பது இன்னொரு குறை.

மைக்ராஸ்டர் பார்வைக்குச் சாம்பல் பூத்த உருளைக்கிழங்கு போன்றதுதான். அதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 1899 இல் ஆர்தர் ரோவ் என்ற ஆங்கில மருத்துவர், சோக்குப் படைகளில் பழைய கீழ்ப்படையிலிருந்து புதிய மேற்படை வரை சேகரித்த மைக்ராஸ்டர்களை ஒப்பிட்டு, அவ்வினம் படிப்படியாக மாறிவந்ததைக் காட்டினார். மேற்படைகளுக்குச் செல்லச் செல்ல வாய் முன்விளிம்பை நோக்கி நகர்கிறது. வாயை மறைக்கும் உதடு நீள்கிறது. இதழ்கள் நீண்டு, அவற்றின் பள்ளத்தில் மணிகள் பெருகுகின்றன. கடலடிச் சேற்றில் மேலும் ஆழமாகப் புதைந்து வாழ்வதற்கான மாற்றங்கள் இவை என்று விளக்குவர். இதனால், எடுத்த இடமும் படையும் குறிக்கப்பட்ட மினுக்காத மைக்ராஸ்டர் இரண்டை, கீழ்ப்படையில் ஒன்றும் மேற்படையில் ஒன்றுமாக வாங்கி அருகருகே வைத்தால், கூர்ப்பு நடந்ததை உயர்தர உயிரியல் மாணவர் ஒருவர் தம் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மினுக்கிய பத்து மடகஸ்கார்த் துண்டுகள் சேர்ந்தும் இதைச் செய்யமாட்டா.

அதே சோக்கிலிருந்து தீக்கல் அச்சுகளும் வருகின்றன: ஓட்டுக்குள் நிறைந்த சிலிக்கா கல்லாகி, ஓடு கரைந்தபின் எஞ்சியவை. ஓட்டின் வெளிநுட்பம் இவற்றில் இராது. துளை வரிசைகளின் பதிவு இருக்கும். நமது ஊருக்கு இவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. உப்புக்காற்றும், மாரியில் வாரக்கணக்காக உலராத ஈரமும் உள்ள வீட்டில், மூடிய மர அலுமாரிக்குள் வைத்த கல்சைற்று ஓட்டை மரத்திலிருந்து கசியும் அமில ஆவி மெல்ல அரித்து, வெண்பொடியாகப் பூக்கச் செய்யக்கூடும். தீக்கல்லை அது தொடாது. வகுப்பில் முப்பது பிள்ளைகளின் கைக்குக் கொடுப்பதானாலும் தீக்கல்லே தாங்கும். ஓட்டோடு கூடியதை வாங்கியவர் கண்ணாடிப் பெட்டியிலோ பிளாஸ்ரிக் பெட்டியிலோ சிலிக்கா ஜெல் பொதியுடன் வைக்க வேண்டும். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ கொண்டு துடைக்கவே கூடாது, கல்சைற்று நுரைத்துக் கரையும்.

மொரோக்கோவிலிருந்து வரும் ஹெட்டரோடயடிமா போன்ற உருண்டை வகைகளை விலைக்காகச் சிலர் நாடுவர். உண்மையானவை நல்லவையே. ஆயினும் அந்நாட்டுச் சுவட்டு வணிகத்தில் வார்ப்பும் ஒட்டுவேலையும் உண்டு. முட்களோடு கூடியது மலிவாகக் கிடைத்தால் ஐயுற வேண்டும், ஏனெனில் முள்ளெலி இறந்ததும் முட்கள் விரைவில் உதிர்ந்துவிடுவதால் முள்ளோடு அமைந்த சுவடு அரிது.

மொழியால் நமக்கு நெருக்கமானது தமிழ்நாட்டின் அரியலூர். அங்குள்ள கிரீத்தேசியப் படிவுகளின் முள்ளெலிகளைத் தொல்லுயிரியலாளர் ஸ்டொலிச்கா 1873 இலேயே விவரித்து வெளியிட்டிருக்கிறார். அரியலூர்ச் சுவடு என்று எவரேனும் விற்க முன்வந்தால், அது எப்படி நாட்டைவிட்டு வெளியே வந்தது என்பதற்கான ஆவணத்தைக் கேட்பேன்; ஆவணம் இல்லையெனில், அதே பணத்துக்குப் படைக்குறிப்புள்ள ஒரு மைக்ராஸ்டரையும் ஒரு தீக்கல் அச்சையும் வாங்குவேன்.